மூக்கு வண்டிக்குப் புது இஞ்சின்

ஈஸ்வரன் மூக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து மகேஸ்வரி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

"ஏங்க, கல்லுக்குழியில கெடந்த எலும்புக்கூட்ட இழுத்தாந்து வாசல்ல போட்டுருக்கீங்களே, இத என்ன செய்ய? கும்பிடவா, கொள்ளி வைக்கவா?"

கேட்டதில் தப்பில்லை. வேடசந்தூர் பக்கம் மூடிக்கிடந்த கல்குவாரி ஒன்றில் பல வருசம் நின்ற சின்ன லாரி அது. வயது அறுபதுக்கு மேல். இந்தக் காலத்து லாரிக்கு முகம் தட்டையாக இருக்கும். இதற்கு இஞ்சின் பெட்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் வளைந்த மட்கார்டு, அதன்மேல் உருண்டை விளக்கு. அதனால்தான் மூக்கு வண்டி என்று பெயர். இஞ்சினை எவனோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அந்த இடத்தில் சீமைக்கருவேலஞ்செடி இடுப்புயரம் வளர்ந்திருந்தது. ஆனால் அடிச்சட்டம் உறுதி, பின்னச்சு உறுதி, ஆர்.சி. புத்தகமும் செல்லரிக்காமல் இருந்தது. ஈஸ்வரனுக்கு அது போதும். அவனிடம் இஞ்சின் இருந்தது, வண்டிதான் இல்லை.

பன்னிரண்டு வருசம் பிக்கப் ஓட்டியவன் ஈஸ்வரன். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே நாலு ஊர்ச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் அவன் வண்டியில்தான் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகும். தோட்டம் தோட்டமாகப் போய், யாருக்கு எத்தனை சாக்கு, எந்த மண்டி என்று பேசி முடிப்பது மகேஸ்வரி, ஓட்டுவது அவன். போன ஐப்பசி மழையில் ஓடைப் பாலத்தில் பிக்கப் புரண்டது. ஈஸ்வரனுக்கு முழங்கையில் ஏழு தையல். வண்டிக்கு முதுகெலும்பே போய்விட்டது. சட்டம் வளைந்து, கேபின் நசுங்கி, பின்னச்சு முறுக்கிக்கொண்டது. நாலே வருசம் ஓடிய டீசல் இஞ்சினும் கியர் பெட்டியும் மட்டும் கீறல் இல்லாமல் தப்பித்தன. அந்த இரண்டையும் தார்ப்பாய் போர்த்தி மாட்டுக்கொட்டத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி குடித்தான்.

மகேஸ்வரிக்கு வேறு யோசனை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஏழு வருசம் நூல் மில்லில் வேலை பார்த்தவள் அவள். தம்பி அழகுராஜா திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவளுக்கு அங்கேயே வேலை, ஈஸ்வரனுக்குக் குடோன் வண்டி ஓட்டுகிற வேலை, இருக்க ஒரு வீடு, எல்லாம் பார்த்து வைத்துவிட்டான். மகள் ஸ்ரீமதி மதுரையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள், அதனால் பள்ளிக்கூடக் கவலையும் இல்லை. மகேஸ்வரி போய் வீட்டைப் பார்த்துவிட்டே வந்தாள். அடுப்படிக்குள் குழாய். திறந்தால் தண்ணீர். எண்ணூறு அடி போர் போட்டும் காற்று வந்த ஊர்க்காரிக்கு அந்தக் குழாய் கண்ணிலேயே நின்றது.

"தை வெங்காயம் எடுக்குற வரைக்கும்தான் உங்களுக்குத் தவணை," என்றாள். "மொத லோடு நம்ம வண்டியில போனா இருப்போம். போகலைன்னா பொட்டியக் கட்டிருவேன். அப்பறம் அதச் சொல்லல, இதச் சொல்லலன்னு மொணங்கக் கூடாது."

"சரி," என்றான் ஈஸ்வரன். பேச்சுக்குச் சொன்ன சரி இல்லை அது. பொண்டாட்டி சொன்னால் சொன்னதுதான் என்பது அவனுக்கு இருபது வருச அனுபவம்.

திண்டுக்கல்லிலிருந்து சேவியர் வெல்டிங் செட்டைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். லாரி பாடி கட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயசு, கனத்த கை, கோபம் மூக்கு நுனியில். பேகம்பூரிலிருந்து நியாஸ் வந்தான். வண்டி வயரிங் பார்க்கிறவன், முப்பதுக்குள் வயசு, வாய் ஓயாது. இருவரும் வாரத்தில் மூன்று நாள் வருவார்கள். வருகிற நாளில் மகேஸ்வரி கம்பங்கூழ் கரைத்து வைப்பாள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய். மத்தியானம் சோறு, கருவாட்டுக் குழம்பு. வண்டி பிடிக்கவில்லை என்பதற்காக வேலைக்கு வந்த ஆளைப் பட்டினி போடுகிற ரகமில்லை அவள்.

"வெஞ்சனம் என்னக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் நியாஸ் பைக்கை விட்டு இறங்குவான்.

"முருங்கக்கீர. மொதல்ல வேலையப் பாரு."

மூன்று இரும்புக் குழாயை நிறுத்தி, செயின் பிளாக் கட்டி, இஞ்சினைத் தூக்கி மூக்குக்குள் இறக்கிய அன்று ஊரே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பழைய இஞ்சின் இருந்த இடம் பெரிது, புது இஞ்சின் சின்னது. சுற்றிலும் ஒரு ஆள் உட்காரலாம் போல இடம் கிடந்தது. சேவியர் புதிதாகத் தாங்கு சட்டம் வெட்டி, பற்றவைத்து, அறுத்து, மறுபடி பற்றவைத்தார். தையில் காலையில் பனி, பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த வெயிலில் கிழக்கிலிருந்து காற்று கிளம்பினால் வெல்டிங் பொறி நேராக வைக்கோல் படப்புப் பக்கம் போகும். மகேஸ்வரி ஒரு குடம் தண்ணீரோடு படப்புக்குக் காவல் நின்றாள்.

நியாஸ் நாலு நாள் வயருக்குள்ளேயே கிடந்தான். "பழைய இஞ்சினுக்கு டீசலும் காத்தும் இருந்தாப் போதும்ணே. இது அப்படியில்ல. சூடு எம்புட்டு, காத்து எம்புட்டு, நீங்க பெடல எம்புட்டு அமுக்குறீங்க, அம்புட்டையும் வயர் வழியாக் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒண்ணுக்குப் பதில் வரலைன்னாலும் கோவிச்சுக்கிட்டு நின்னுக்கும்."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு அப்படி இருக்கு," என்றான் ஈஸ்வரன் மெதுவாக.

"கேக்குது," என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

ஒரு சிக்கல் வந்தது. கியர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகிற நீளத் தண்டு, மேலேயிருந்து கீழே ரொம்பச் சரிவாக இறங்கியது. இப்படி ஓட்டினால் அதன் மூட்டு ஒரு வாரம் தாங்காது. பின்னச்சின் நடுவில் பானை மாதிரி ஒரு பெட்டி இருக்கும். தண்டு சுற்றுவதை வாங்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கிற பல்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. கிரவுன் என்பார்கள். தண்டு வந்து சேருகிற மூக்கு, கிரவுனின் கீழ்ப் பாதியில் இருந்தது. சேவியர் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈஸ்வரா, போல்ட்டு வட்டம் சமமாத்தான் இருக்கு. கழட்டித் தலகீழா மாட்டுவோம். கீழ இருக்குற மூக்கு மேல வந்துரும். தண்டு நேராயிரும்."

"அட! ஆமண்ணே."

கழற்றினார்கள். மகேஸ்வரி மண்ணெண்ணெயில் கிரவுனைக் கழுவிக் கொடுத்தாள், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டில் வைத்தாள். தலைகீழாக மாட்டியதும் தண்டு நேராக வந்து உட்கார்ந்தது. சேவியருக்குக் கால் தரையில் படவில்லை. "எந்த எஞ்சினீருக்குடா இது தோணும்?" என்று வந்தவன் போனவனிடம் எல்லாம் கேட்டார். டீக்கடைக்காரரிடமும் கேட்டார்.

சனிக்கிழமை இஞ்சின் ஓடியது. சாவியைத் திருப்பியதும் இரண்டே உறுமலில் பிடித்துக்கொண்டது. நியாஸ் துள்ளிக் குதித்தான். சேவியர், "பின்னால தூக்கி வச்சு, கியரப் போட்டுச் சக்கரத்தச் சுத்த விட்டுப் பாப்போம்," என்றார்.

ஈஸ்வரன் தலையை ஆட்டினான். "வேணாம்ணே. நாளைக்கு ஏழேமுக்காலுக்கு மேல நல்ல நேரம். மொத உருளலு எலுமிச்சம்பழத்து மேலதான் இருக்கணும். அதுக்கு முன்னால சக்கரம் அரச் சுத்துகூடச் சுத்தக் கூடாது."

அந்தரத்தில் சுற்றினால் அது உருளல் ஆகாது என்று சேவியர் வாதாடினார். ஈஸ்வரன் கேட்கவில்லை. பாலத்தில் புரண்ட பிக்கப்புக்கு அவசரத்தில் ராகுகாலத்தில் பூசை போட்டுவிட்டோம் என்று ஒரு உறுத்தல் அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் நிறைய ஆள். வெங்காயம் போட்ட தோட்டக்காரர்கள் பதினைந்து பேராவது இருக்கும். புதன்கிழமை மார்க்கெட்டுக்கு முதல் வெங்காயம் போகவேண்டும். வண்டி ஓடினால் ஈஸ்வரனுக்கு, இல்லையென்றால் வெளியூர் வேனுக்கு என்று எல்லாரும் மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். வண்டி பச்சைப் பெயிண்டில் மினுங்கியது. மூக்கில் சந்தனம், குங்குமம், சம்பங்கி மாலை. கருப்பம்மாள்தான் தேங்காய் உடைத்தாள். எழுபது வயசிலும் மூன்று ஏக்கருக்குத் தானே தண்ணீர் பாய்ச்சுகிறவள். ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

ஈஸ்வரன் சாமியைக் கும்பிட்டு ஏறி, முதல் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டான்.

வண்டி பின்னால் போனது.

கோழிக்கூடு நொறுங்கியது. இரண்டு கோழி கத்திக்கொண்டு படப்பின் மேல் ஏறின. ஈஸ்வரன் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்து, கியர் கம்பியைப் பார்த்தான். முதல் கியரில்தான் இருந்தது. இரண்டாவதைப் போட்டான். இன்னும் கொஞ்சம் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்சைப் போட்டான். வண்டி அழகாக முன்னால் வந்தது. எலுமிச்சம்பழம் நாலும் பட் பட்டென்று நசுங்கின.

எல்லாரும் நசுங்கிய பழத்தைச் சுற்றிக் கூடினார்கள்.

"நசுங்கிருச்சுல்ல, விடுங்கப்பா," என்றாள் கருப்பம்மாள்.

"அதெப்படித்தா?" என்றார் வீரப்பன். ஊரிலேயே அதிகம் வெங்காயம் போடுகிறவர் அவர். "ரிவர்சுல நசுங்குன பழம் கணக்குல சேராது."

"ஏன் சேராது? பழத்துக்குத் தெரியுமா எந்தக் கியருன்னு?"

இது ஒரு பக்கம் பெரிய வழக்காக நடந்துகொண்டிருக்க, வீரப்பன் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணுமில்ல, பேஸ் மாறிக்கெடக்கு. நம்ம போர் மோட்டார்ல பேஸ் மாத்திக் குடுத்தாத் திரும்பிச் சுத்தும்ல, அதேதான். ஏம்பா நியாசு, ரெண்டு வயர மாத்திப் போடு."

"மாமா, அது கரண்டு மோட்டாரு. இது டீசலு. டீசலுக்கு ஏது பேசு?"

"டீசலோ கரண்டோ, வயரு வயருதான? இம்புட்டு வயரத் தொங்க விட்டுருக்க, எதையோ மாத்திக் குடுத்துருக்க."

நாலு பேர் ஆமாம் போட்டார்கள். எல்லார் தோட்டத்திலும் மோட்டார் இருந்தது, எல்லாருக்கும் பேஸ் மாறிய அனுபவம் இருந்தது. கடைசியில் நியாசுக்கே சந்தேகம் வந்து, மத்தியானம் வரைக்கும் வயரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். சேவியர் கியர் பெட்டியின் மூடியைத் திறந்தார். ஈஸ்வரன் இஞ்சின் விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தன. கிரவுனை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெருமைப்பட்ட வேலையில் போய் யார் தப்புத் தேடுவார்கள்?

சாயங்காலம் சேவியர் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் ஓடலப்பா. காலையில பாப்போம்." நியாஸ் சாப்பிடாமலே போனான். போகிற வழியில் வீரப்பன் வந்து வாசலில் நின்று, "தப்பா எடுத்துக்காத அப்பு. புதங்கெழமைக்கு வேன்காரன்கிட்டச் சொல்லிட்டேன்," என்றார். ஈஸ்வரன் தலையை ஆட்டினான்.

அவர் போனதும் அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றான்.

"மகேசு, உன் தம்பிக்குப் போனப் போடு. வாரோம்னு சொல்லு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காலையில பேசிக்கலாம்."

"இப்பவே சொல்லு. வீட்ட வேற ஆளுக்கு விட்டுறப் போறான்."

சொல்லிவிட்டு வெளியே போனான். இட்லி ஊற்ற மாவு எடுத்து வைத்திருந்தாள் மகேஸ்வரி. போனைக் கையில் எடுத்தாள். அழகுராஜா பெயரைத் தேடினாள். எடுத்த கையோடு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஈஸ்வரன் வண்டியின் மூக்கிலிருந்து மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தான். சந்தனப் பொட்டைத் துண்டால் துடைத்தான். தனக்குச் சொந்தமில்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன் மாதிரி அவ்வளவு கவனமாகத் துடைத்தான்.

போனை வைத்துவிட்டு இட்லித் தட்டைக் கழுவ எடுத்தாள். மில்லில் ஒரு தடவை பெல்ட்டைக் குறுக்கே மாற்றிப் போட்டுவிட்டு, நூல் சுற்றுகிற கதிர் எல்லாம் திரும்பிச் சுற்றி நூல் அறுந்து தள்ளியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் மோட்டாரைத்தான் எல்லாரும் திட்டினார்கள். மோட்டார் பாட்டுக்கு ஒழுங்காகத்தான் ஓடியது, நடுவில் இருந்தது மாறிக்கிடந்தது. நடுவில் இருந்தது. இவர்கள் நடுவில் எதை மாற்றினார்கள்?

ஈரத் தட்டை விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்தாள். கரண்டிக் காம்பைத் தட்டின் ஒரு பக்கம் ஒட்டி வைத்து உருட்டினாள். தட்டு கீழே இறங்கியது. காம்பை அதே மாதிரி உருட்டிக்கொண்டே தட்டைக் காம்பின் அந்தப் பக்கம் மாற்றினாள். தட்டு மேலே ஏறியது. மறுபடியும் செய்து பார்த்தாள். மறுபடியும் அதேதான்.

அடுப்பில் கொப்பரைத் தண்ணீர் கொதித்தது. மகேஸ்வரி அசையாமல் நின்றாள்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வண்டி கெட்டது கெட்டதாகவே இருக்கும். திருப்பூர் வீடு, அடுப்படிக் குழாய், முதல் தேதி சம்பளம், மழை வருமா வராதா என்று வானத்தை அண்ணாந்து பார்க்காத ஒரு வருசம். அவள் ஆசைப்பட்டது எல்லாம் அவனே வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டான். தட்டைக் கழுவி மாவை ஊற்றினால் முடிந்தது காரியம். அவளுக்கு அது வேண்டியும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் இந்த மனுசனை அங்கே கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வது? தோற்றுப்போனவனாக அவன் குடோன் வாசலில் உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியாது. போவதென்றால் ஜெயித்தவனோடு போகலாம். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. இதப் பாருங்க."

"சொல்லிட்டியா?"

"தம்பி கெடக்கான். இந்தக் காம்ப நான் ஒரே பக்கமாத்தான் உருட்டுறேன். பாத்தீங்களா? இதுதான் உங்க தண்டு. தட்டு உள்ள இருக்குற பெரிய பல்சக்கரம். தட்டு இந்தப் பக்கம் இருந்தாக் கீழ போகுது. அந்தப் பக்கம் இருந்தா மேல வருது. கிரவுனத் தலகீழா மாட்டுனீங்கள்ல? அப்ப உள்ள இருக்குற சக்கரம் எந்தப் பக்கம் வந்துருக்கும்?"

ஈஸ்வரன் தட்டைப் பார்த்தான். வாங்கித் தானே உருட்டிப் பார்த்தான். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். செத்த நேரம் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"மகேசு."

"என்ன?"

"நாங்க மூணு பேரும் மாட்டுப் பயலுக."

"அது எனக்கு முன்னாலயே தெரியும். வந்து சாப்பிடுங்க."

சாப்பிடவில்லை. முதலில் சேவியருக்குப் போன் போட்டான். முழுக்கக் கேட்டுவிட்டுச் சேவியர் சொன்னார்: "மெல்லப் பேசுடா. டீக்கடையில நிக்கிறேன்."

திங்கட்கிழமை விடிந்ததும் வந்துவிட்டார். கிரவுனைக் கழற்றிப் பழையபடி மாட்டினார்கள். தண்டு மறுபடி சரிந்து நின்றது. இந்தத் தடவை குறுக்குவழி இல்லை. கியர் பெட்டி தாங்குகிற சட்டத்தை அறுத்து மூன்று விரற்கடை இறக்கினார்கள். பின்னச்சுக்கும் அதைத் தாங்குகிற வில் பட்டைக்கும் நடுவில் கொடுக்க இரும்பில் ஆப்பு வெட்டி, அச்சையே கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வைத்தார்கள். முந்தின வேலை இரண்டு மணி நேரம். இது பொழுது சாயும் வரை ஆனது. மகேஸ்வரி படப்புக்குக் காவல் நிற்கவில்லை. சேவியர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும் முன் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"இப்பவாவது தூக்கி வச்சுச் சுத்திப் பாக்கலாமா, இல்ல இதுக்கும் பஞ்சாங்கம் பாக்கணுமா?" என்றார் சேவியர்.

"சுத்துங்கண்ணே," என்றாள் மகேஸ்வரி. ஈஸ்வரன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தான்.

சக்கரம் முன்னால் சுற்றியது. நியாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எல்லாரும் என் வயரத்தான சொன்னீங்க? ஒருத்தராச்சும் மன்னிப்புக் கேட்டீங்களா?"

"ராத்திரிக்கு அயிர மீன் கொழம்பு. போதுமா?"

"ரெண்டு அகப்ப சேத்து ஊத்துனா யோசிக்கிறேன்க்கா."

செவ்வாய்க்கிழமை திண்டுக்கல்லில் பிரேக் இன்ஸ்பெக்டர் மூக்கு மூடியைத் தூக்கிவிட்டு ரொம்ப நேரம் நின்றார். இஞ்சின் நம்பரைப் பார்த்தார், பற்றவைத்த இடங்களைத் தட்டிப் பார்த்தார். "வண்டிய முன்னால எடுங்க," என்றார். ஈஸ்வரனுக்கு வியர்த்துவிட்டது. முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான். முன்னால்தான் போனது. பிரேக்கும் பிடித்தது. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தன் போனில் வண்டியை ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை பனி விலகுகிற நேரம். வெளியூர் வேன் வீரப்பன் களத்தில் நின்றது. ஊர் வெங்காயம் முழுக்க அங்கேதான் ஏறிக்கொண்டிருந்தது. கருப்பம்மாளின் பதினோரு சாக்கு மட்டும் அவள் களத்திலேயே இருந்தது.

"ஏலே ஈஸ்வரா, வேன்காரன் கூப்பிட்டான். என் வெங்காயம் வராதுன்னுட்டேன். தேங்கா ஒடச்சவ நானு. அது ஒழுங்காத்தான் ஒடஞ்சுச்சு."

பதினோரு சாக்கையும் ஏற்றினார்கள். கருப்பம்மாள் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள், மகேஸ்வரி நடுவில். வண்டி களத்தை விட்டு இறங்கி மண்பாதையில் ஏறியது. பழைய அச்சுக்கு வேகம் கிடையாது, ஆனால் இழுவை இருந்தது. நாற்பதுக்கு மேல் முள் ஏறவில்லை. மேடு பள்ளம் எதற்கும் முனகவும் இல்லை. முனியப்பன் கோயில் திருப்பத்தில் வீரப்பன் ரோட்டின் நடுவே கையைக் காட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருபது சாக்கு கிடந்தது.

"வேன் நெறஞ்சுபோச்சு. மத்தியானம் வந்து இன்னொரு நட அடிக்கிறேங்குறான். மத்தியானம் போனா வெல எங்க இருக்கும்?" என்றார். வண்டியின் மூக்கை ஒரு பார்வை பார்த்தார். "முன்னாலதான போகும்?"

"பின்னால சாக்கு மேல எடம் இருக்கு. ஏறி உக்காந்து பாத்துக்கங்க," என்றாள் மகேஸ்வரி.

வீரப்பன் ஏறி உட்கார்ந்துகொண்டார். முப்பத்தொரு சாக்கோடு வண்டி தார்ரோட்டுக்கு வந்தது. வழியில் இரண்டு ஊரில் வண்டியை நிறுத்தி, "வெள்ளிக்கெழமைக்கு வருமா?" என்று கேட்டார்கள். அதில் ஒருத்தர் வெங்காயத்துக்காகக் கேட்டார், இன்னொருத்தர் மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டார். இரண்டுக்கும் மகேஸ்வரி நாள் குறித்துக்கொண்டாள்.

திண்டுக்கல் ரயில்வே மேம்பாலம் ஏறும்போது போன் அடித்தது. அழகுராஜா. ஈஸ்வரன் பெயரைப் பார்த்துவிட்டான். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூன்றாவது கியருக்கு இறக்கினான். இஞ்சின் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு பாரத்தை மேலே இழுத்தது. முன்னால் போன பஸ் திணறி நின்றது. இது நிற்காமல் ஏறியது.

"அக்கா, வீட்டுக்காரரு சாவிய எங்கிட்டக் குடுத்துட்டாரு. இன்னைக்குப் பதில் சொல்லணும். எப்ப வாரீங்க?"

 மகேஸ்வரி அந்தக் குழாயை ஒரு தடவை நினைத்தாள். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். விரல் எலும்பு வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தான்.

"சாவியத் திருப்பிக் குடுத்துரு தம்பி."

"என்னக்கா சொல்ற? ஏன்?"

"முப்பத்தொரு சாக்கு மேல இருக்கு. வெள்ளிக்கெழமைக்கு ரெண்டு எடத்துல கேட்டுட்டாங்க. எங்களுக்கு அங்க வர எங்க நேரம்? சாயங்காலம் பேசுறேன், வையி."

பாலத்தின் உச்சி வந்தது. கீழே திண்டுக்கல் முழுக்கத் தெரிந்தது. ஈஸ்வரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். தொண்டையைச் செருமினான்.

கருப்பம்மாள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

"ஏலே, அழுகுறதா இருந்தா எறக்கத்துல ஓரமா நிப்பாட்டிட்டு அழு. மேல என் வெங்காயம் இருக்கு."